பத்துப் பத்தாக

வண்டி மேடையில் ஏறியதும் போர்டில் எண் எரிந்தது.

சவ வண்டியோ ஜல்லி வண்டியோ, எடை மேடைக்கு எல்லாம் ஒன்றுதான். ரோட்டோரம் நின்றிருந்த பஞ்சர் கடைக்காரர் பழக்க தோஷத்தில் தலையை நிமிர்த்தி, "ரெண்டாயிரத்து நூத்தி அறுபது. காலி வண்டி," என்று உரக்கப் படித்துவிட்டார். படித்த பிறகுதான் எந்த வீட்டு வாசலில் நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். துக்கத்துக்கு வந்திருந்த லாரிக்காரர்கள் அத்தனை பேரும் ஒருமுறை போர்டை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள். வண்டி மேடையைக் கடந்துபோய் வீட்டு வாசலை ஒட்டி நின்றது.

அந்த வீட்டுக்கு வேறு வழி கிடையாது. ரோடு, அதை ஒட்டி லாரிகளை ஏற்றி எடை பார்க்கும் இரும்பு மேடை, மேடையின் ஓரத்தில் கண்ணாடி வைத்த அலுவலக அறை, அதற்குப் பின்னால் வீடு. கட்டிலும் பீரோவும், ஏன், கல்யாணமாகி வந்த மருமகளும்கூட, மேடையில் எடை காட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைய முடிந்தது.

அலுவலக அறைக்குள் மேசைக்கு அடியில் மண்டியிட்டிருந்த தம்பிக்கும் பஞ்சர் கடைக்காரரின் குரல் கேட்டது. அவன் தலையை வெளியே எடுக்கவில்லை. விடிந்ததிலிருந்து ஒரு மருந்துக் குப்பியைத் தேடிக்கொண்டிருந்தான். இழுப்பறைகளைக் கவிழ்த்தாகிவிட்டது. அக்காவின் பீரோவில் துணிகளுக்கு நடுவே கை விட்டுத் துழாவியாகிவிட்டது. ஒரு இடத்தில் உட்காரவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. தேடுகிற கை நின்றால் நெஞ்சுக்குள் ஏதோ வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று தோன்றியது.

அவனை எல்லோருமே தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். தாடி நரைத்த லாரிக்காரர்களுக்கும் தம்பி, மீசை முளைக்காத கிளீனர்களுக்கும் தம்பி. எடை மேடைக்கு முதலாளி அக்கா. அக்காவை அவர்கள் டன்னக்கா என்பார்கள். டன்னக்காவின் தம்பி என்பது சுருங்கித் தம்பி ஆகியிருந்தது. அந்த டன்னக்கா இப்போது முன்னறையில் குளிர்பெட்டிக்குள் படுத்திருந்தாள்.

நேற்றுக் காலை மேடையைக் கழுவிக்கொண்டிருந்தவள், தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடியே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் மாலைவரை இழுத்துக்கொண்டிருந்தது. இருதயம் தாறுமாறாக ஓடுகிறது, பிடிக்க முடியவில்லை என்றார்கள். பிறகு அது நின்றுவிட்டது என்றார்கள். எல்லாம் முடிந்த பிறகு இளம் டாக்டரம்மா ஒருத்தி அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உங்க அக்காவுக்குத் தைராய்டு கொறைபாடு இருந்துச்சா? அதுக்கு மாத்திரை எடுத்துக்கிட்டாங்களா?"

"இல்லீங்க. ஒரு வியாதியும் கெடையாது. எளைக்கிறதுக்கு ஏதோ இலை மருந்து, கேப்சூல். போன்ல சொல்லி வரவழைச்சா."

"அதுல தைராய்டு ஹார்மோன் கலந்திருக்கும்னு சந்தேகப்படறேன். சோதிச்சாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். அது கொறைவா சொரக்கிறவங்களுக்குக் குடுக்கிற மருந்து. ஒழுங்கா சொரக்கிறவங்க மேல மேல சாப்பிட்டா ஒடம்பு நிக்காம ஓடும்."

"எடை கொறைஞ்சுதுங்களே," என்றான் தம்பி. எடையைத் தவிர வேறு எதையும் வைத்துப் பேச அவனுக்குத் தெரியாது.

"கொறையும். ஆனா கொழுப்பு மட்டுமா கொறையும்? சதை கரையும், எலும்பு கரையும். இருதயமும் சதைதானே?"

டாக்டரம்மா தொடர்ந்து, "வீட்ல வேற யாராச்சும் அத சாப்பிடறாங்களா?" என்று கேட்டாள்.

அவன் மனைவியை நினைத்துப் பார்த்தான். அவள் ஈர்க்குச்சி. "இல்லீங்க," என்றான்.

"நல்லா விசாரிங்க. யாராச்சும் இருந்தா, தெரிஞ்ச அன்னைக்கே இங்க கூட்டிட்டு வாங்க. அப்புறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க. அந்தக் குப்பியையும் கொண்டு வாங்க."

அந்தக் குப்பிதான் இப்போது கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில், சுவரை ஒட்டி, எடைக்கல் பெட்டி இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை அதிகாரி வந்து மேடையைச் சரிபார்க்கும்போதுதான் அதைத் திறப்பார்கள். மற்ற நாட்களில் அது அக்கா கால் வைத்துக்கொள்ளும் முக்காலி. தம்பி அதை இழுத்து மூடியைத் தூக்கினான். கற்களுக்கு மேலே பச்சை இலைப் படம் போட்ட ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. உள்ளே இரண்டு குழி. ஒரு குழியில் வெள்ளைக் குப்பி, பாதிக்கு மேல் காலி. இன்னொரு குழியில் ஒன்றுமில்லை.

அவன் கையை விட்டுக் கற்களுக்கு இடையே தடவிப் பார்த்தான். கல்தான் இருந்தது.

முன்னறையில் பெரிய பேச்சு கேட்டது. சித்தப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம். எந்த வீட்டில் எது நடந்தாலும் கடைசியில் வந்து முதல் ஆளாகக் கத்துவது அவர் வழக்கம். "பூ எங்கடா? வண்டி வந்தாச்சு, டிரைவர் அடுத்த வீட்டுக்குப் போகணுங்கறான். மயானம் பக்கத்துலதானே, எல்லாரும் நடந்துடலாம். தம்பி எங்க? அவன் இல்லாம எப்படி எடுக்கறது?"

தம்பி சமையலறைக்கு ஓடினான். மனைவி பெரிய பாத்திரத்தில் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ இதச் சாப்பிட்டியா?"

அவள் அட்டைப் பெட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "நானா? எனக்கு என்ன இருக்கு கொறைக்கிறதுக்கு? என்னங்க இது, நேத்துலேருந்து நீங்க ஒரு நிலையில இல்ல. போய் அண்ணி பக்கத்துல கொஞ்சம் உக்காருங்க."

"இன்னொரு குப்பி யார்கிட்ட இருக்குன்னு தெரியணும்."

"அண்ணி யாருக்குத்தான் குடுக்கல? சோறுன்னாலும் குடுப்பாங்க, சட்டைன்னாலும் குடுப்பாங்க," என்றாள் மனைவி. கண்ணீர் காப்பியில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் முன்னறைக்குப் போனான். குளிர்பெட்டியின் கண்ணாடி வழியாக அக்காவின் முகம் தெரிந்தது. கன்ன எலும்பு இருப்பதே இந்த ஆறு மாதத்தில்தான் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பார்த்துவிட்டுப் போகிற ஒவ்வொருவரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். இப்பத்தான் ஆளு நல்லா ஆனாங்க. இப்பத்தான் சுறுசுறுப்பா இருந்தாங்க. யாரு கண்ணு பட்டுச்சோ.

அக்கா சின்ன வயதிலிருந்தே கனத்த உடம்பு. அதை அவளைவிட அதிகமாகக் கேலி செய்தவர் யாருமில்லை. "என்ன ஏமாத்தி எவனும் லோடு கொண்டுபோக முடியாதுடா, நானே ஒரு லோடு," என்பாள். மற்றவர்கள் சொல்லுமுன் தானே சொல்லிவிட்டால் அவர்களுக்குச் சொல்ல மிச்சமிருக்காது என்பது அவள் கணக்கு. தம்பி அதை வெறும் சிரிப்பு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

முழங்கால் வலிக்கு ஒரு டாக்டர் இளைக்கச் சொன்னபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது. பாதித் தட்டுச் சோறு, பிறகு கால் தட்டு. கடைசி லாரி போனதும் மேடையின் நடுவில் போய் நிற்பாள். தம்பி அறைக்குள்ளிருந்து எண்ணைப் பார்த்துக் கண்ணாடி வழியாகச் சொல்வான். நூற்றுப் பத்து நூறாக இறங்கியது. அதற்கு மேல் எவ்வளவு பட்டினி கிடந்தாலும் எண் நகரவில்லை. சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பும் தன் செலவைக் குறைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. அப்போதுதான் கேப்சூல் வந்தது.

கேப்சூல் வந்த பிறகு அக்கா பம்பரமானாள். விடியுமுன் எழுந்து மேடையைக் கழுவினாள். லாரிச் சக்கரங்கள் விட்டுப்போன சேறு கரைந்து ஓடியதும் போர்டில் எண்ணுக்கு முன்னால் சின்னக் கோடு விழும், மைனஸ் இருபது, மைனஸ் முப்பது என்று. "பாருடா, மேடையே எளைச்சுப்போச்சு," என்று சிரித்துக்கொண்டே ஓடிவந்து பொத்தானை அமுக்கிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவாள். மைனஸ் நிற்கக் கூடாது என்பது அவள் சட்டம். குளிர் நாளிலும் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். நாலு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் பசிக்கிறது என்றாள். ரசீது கிழிக்கும்போது விரல் நடுங்கியது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். தூக்கம் வரவில்லை என்று பரணைச் சுத்தம் செய்தாள். "எல்லாம் கொழுப்பு கரையற சூடுடா," என்றாள். எண் இறங்கிக்கொண்டிருந்ததால் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். எடை பார்த்துப் பிழைக்கிற குடும்பம், எண் சொல்வதை நம்பாமல் வேறு எதை நம்பும்?

சுவரோரம் மாவு மில்லுக்காரம்மா உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அக்காவின் சிநேகிதி, அக்காவின் பழைய அளவு. தம்பி அவள் பக்கத்தில் குந்தினான்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. அக்கா உங்களுக்கு மாத்திரை ஏதாச்சும் குடுத்தாளா? எளைக்கிறதுக்கு?"

மில்லுக்காரம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். "என்னப் பாத்தா மாத்திரை போட்டு எளைச்ச மாதிரியா தெரியுது?"

பக்கத்திலிருந்த பெண் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அது அழுகையாக இருக்க வேண்டும் என்று தம்பி எண்ணிக்கொண்டான்.

"இல்லீங்கம்மா, ஒரு விஷயமாத்தான்…"

"சாவு வீட்ல கேக்கற கேள்வியா இது? குடுக்கத்தான் வந்தா. நான்தான் வேணாம்னேன். இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு மூணு புள்ள பெத்து ஒரு மில்லும் ஓட்டறேன். இனிமே எளைச்சு யாருக்குக் காட்டணும்?" சொல்லிவிட்டு அவளே இறங்கிவந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத விடு. உம் பொண்ணப் போய்ப் பாரு. அத்த போன துக்கத்துல ஒரே ராத்திரியில எப்படி எளைச்சுட்டா பாரு. கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு."

தம்பி அப்படியே குந்தியிருந்தான்.

ஒரே ராத்திரியில் ஈர மணல் காயும். ஒரே ராத்திரியில் லோடிலிருந்து பத்து மூட்டை காணாமல் போகும். ஒரே ராத்திரியில் சதை போகாது. இது அவன் தொழில், இதுகூடவா தெரியாது?

மகள் வெளியூர்க் கல்லூரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நேற்று இரவுதான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். வந்ததும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். இரண்டு மாதமாகப் பார்க்காத பெண்ணை அவன் அந்த நேரத்தில் பார்க்கவே இல்லை. லாரிக்காரர்கள் அவளைச் சின்ன டன் என்பார்கள். செல்லமாகத்தான். அவள் ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள்.

இப்போது அவள் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்தாள். கழுத்துவரை பொத்தான் போட்ட தொளதொளச் சட்டை. மேலுதட்டில் வியர்வை. தட்டில் வைத்த டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. எல்லா டம்ளரிலும் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

தம்பி எழுந்து தட்டை வாங்கி மில்லுக்காரம்மா மடியிலேயே வைத்தான். மகளின் மணிக்கட்டைப் பிடித்து அலுவலக அறைக்கு நடத்திப் போனான். அந்த மணிக்கட்டுக்குள் என்னவோ ஓட்டமாய் ஓடிக்கொண்டிருந்தது. நிற்கிற பெண்ணுக்கு எதற்கு இந்த ஓட்டம்?

"என்னப்பா?"

"உக்காரு."

அவள் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் அட்டைப் பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தான். இரண்டு குழியும் தெரியும்படி வைத்தான்.

"இன்னொண்ணு எங்க?"

"எது?"

அவன் காலிக் குழியில் விரலை வைத்தான். வெளியே சித்தப்பா யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் குப்பியை எடுத்துக் குழியில் வைக்கப் போனாள். குப்பி குழியின் விளிம்பில் தட்டித் தட்டி விழுந்தது. அவன் வாங்கி வைத்தான்.

"அத்தையத் திட்டாதீங்கப்பா."

"திட்டல."

"நான்தான் கேட்டேன். மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னாங்க. அப்புறம் நான் அழுததப் பாத்துட்டு, 'நான் சொமந்தது போதும், நீயாச்சும் சொமக்காம இரு'ன்னு சொல்லிக் குடுத்தாங்க."

அவள் அழுத நாள் எது, எதற்காக அழுதாள், அவனுக்குத் தெரியாது. கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அது இன்னொரு நாளைக்கான கேள்வி. இன்னொரு நாள் வேண்டும், அதுதான் முக்கியம்.

"எத்தன போடற?"

"ஒண்ணு. அத்ததான் போன மாசத்துலேருந்து ரெண்டு போட்டாங்க."

"ரெண்டா? எதுக்கு?"

"எறங்கலன்னு. போன்ல சொன்னாங்க. தெனமும் மேடையில நிக்கறேன், தொண்ணூறு தொண்ணூறுன்னே காட்டுது, மருந்து கேக்கலன்னு."

தம்பி கண்ணாடி வழியாக மேடையைப் பார்த்தான். இரும்புத் தகடு வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது.

அது லாரிக்கான மேடை. பத்துப் பத்தாகத்தான் எண்ணும். கல் லாரிக்கு நாலு கிலோ, ஆறு கிலோ யாருக்கு வேண்டும்? தொண்ணூறு என்று அது காட்டினால் ஏறி நிற்பது தொண்ணூற்று நாலாகவும் இருக்கலாம், எண்பத்தாறாகவும் இருக்கலாம். கிளீனர்களுக்குக்கூட இது தெரியும். சின்னத் தராசு ஒன்று வாங்கித் தருகிறேன் என்று அவன் சொன்னபோது அக்கா சிரித்தாள். "அந்தப் பொம்மைக்கு யாருடா முத்திர வெச்சது? இதுக்கு வருஷா வருஷம் கல்லு வெச்சுப் பாத்து அதிகாரி சீல் வெக்கறான்." அக்கா இறங்கிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். மேடைக்குத்தான் தெரியவில்லை. அவனும் தினமும் கண்ணாடி வழியாகக் கத்திச் சொல்லியிருக்கிறான், தொண்ணூறுதான்க்கா, தொண்ணூறுதான்.

அவனுக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. சீல் வைத்த மேடைமேல் கோபப்பட்டு என்ன செய்வது?

"கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"இப்பவா? அத்தைய அனுப்பிட்டு…"

"இப்ப."

"எனக்கு ஒண்ணுமில்லப்பா. அழுததுல படபடன்னு இருக்கு, அவ்வளவுதான். சாயங்காலம் போலாம்."

"நேத்துக் காலையில உங்க அத்தையும் நல்லாத்தான இருந்தா?"

அவள் முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

சித்தப்பா வாசலில் வந்து நின்றார். "என்னடா உக்காந்து பேசிக்கிட்டிருக்க? எடுக்கலாமா?"

"நீங்க எடுங்க சித்தப்பா. நான் வரல."

"என்னது?"

"பாப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"பாப்பாவுக்கு என்ன? மயக்கமா? சோடா வாங்கிக் குடு. டேய், கூடப் பொறந்தவன் நீ ஒருத்தன். நீ வரலன்னா நாலு பேரு என்ன பேசுவாங்க? உன்ன வளத்தவடா அவ."

"வளத்தவதான்," என்றான் தம்பி. வளர்த்தவளை விட்டுவிட்டுப் போகிறோம் என்பது அவனுக்கும் தெரியும். கடைசியாக நாலு எட்டு கூட நடக்காதவன் என்று சாகும்வரை சொல்வார்கள், அதுவும் தெரியும். முன்னறைக்கு ஓடிப்போய்க் குளிர்பெட்டியைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் மகளின் மணிக்கட்டு இன்னும் அவன் கைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதை விட்டால் எங்கே போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

சித்தப்பாவுக்குப் பின்னால் மனைவி வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. மேசைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தாள். இரண்டு குழியிலும் குப்பி இருப்பதைப் பார்த்தாள். மகளின் நெற்றியில் புறங்கையை வைத்தாள், பிறகு கழுத்தில் வைத்தாள். கையை எடுக்காமலே சொன்னாள்:

"நீங்க போங்க. அண்ணிய நான் கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன்."

"நீயாம்மா?" என்றார் சித்தப்பா.

"ஆமா மாமா, நான்தான். இருபது வருஷம் ஒரே அடுப்படியில நின்னவ. வழி தெரியும்."

சித்தப்பா கத்துவார் என்று தம்பி எதிர்பார்த்தான். அவர் கத்தவில்லை. மகளின் முகத்தைக் குனிந்து பார்த்தார். "போய்ட்டு வாடா," என்று சொல்லிவிட்டு வெளியே போய், அங்கே நின்றவர்களிடம் சேர்த்து வைத்துக் கத்தினார்.

தூக்குவதற்கு ஆறு பேர் வந்தார்கள். டன்னக்கா என்பதால் லோடு இறக்குகிற ஆட்களாகப் பார்த்துச் சித்தப்பா நிறுத்தியிருந்தார். மூச்சைப் பிடித்து, ஒன்று, இரண்டு சொல்லித் தூக்கினார்கள். எதிர்பார்த்த கனம் இல்லாததால் ஸ்ட்ரெச்சர் விருட்டென்று மேலே போய்விட்டது. ஒருவன் தடுமாறி அடுத்தவன் தோளைப் பிடித்தான். "அக்கா இவ்வளவுதானா?" என்று அவன் மெல்லக் கேட்டது அலுவலக அறைக்குள் கேட்டது.

தம்பி போய் அக்காவின் காலைத் தொட்டான். கெண்டைக்கால் இருந்த இடத்தில் தோல் தொங்கியது. "அக்கா, பாப்பாவுக்காகத்தான்," என்றான். வண்டிக் கதவைச் சாத்தினார்கள். டிரைவர் ஏறினான். கூட்டம் ஒதுங்கி மேடையின் இரண்டு பக்கமும் ரோட்டுவரை வரிசையாக நின்றது.

அவன் மகளைக் கூட்டிப்போக அறைக்குத் திரும்பினான். அவள் இன்னும் அக்காவின் நாற்காலியில்தான் இருந்தாள். எண் காட்டும் கருவிக்கு நேர் எதிரே. அவள் முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, போர்டு."

"என்ன போர்டு?"

"வண்டி உள்ள வரும்போது எல்லாரும் பாத்தாங்க. பஞ்சர் கட மாமா சத்தமாப் படிச்சாரு. இப்ப வெளிய போகும்போது…"

அவனுக்குப் புரிந்தது. வெளியே நிற்கிறவர்கள் லாரிக்காரர்கள். காலி வண்டியைக் கழித்து உள்ளே இருப்பது எவ்வளவு என்று சொல்வது அவர்களுக்கு மூச்சு விடுவதுபோல. வேண்டுமென்று செய்ய மாட்டார்கள். மனசு தானாகச் செய்துவிடும். வாழ்நாள் முழுக்கத் தன் எடையை முந்திக்கொண்டு தானே சொன்னவள், இன்று சொல்ல முடியாமல் படுத்திருக்கிறாள்.

வண்டியின் முன்சக்கரங்கள் மேடையில் ஏறின. எண் ஓடத் தொடங்கியது. போர்டை அணைக்கும் விசை சுவரில், ரசீதுக் கட்டுகள் வைக்கும் பீரோவுக்குப் பின்னால். அதற்கு நேரமில்லை. மகளின் விரல் கருவிக்குப் போனது. ஏறி நிற்கிற எடையைப் பூஜ்யமாக்குகிற பொத்தான் அது. டேர் என்பார்கள். சின்ன வயதிலிருந்து அத்தையின் மடியில் உட்கார்ந்து அவள் அமுக்கிப் பழகிய பொத்தான். விரல் ஆடியது. பொத்தான்மேல் நிற்காமல் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தது. பின்சக்கரங்களும் ஏறிவிட்டன. ரோட்டைப் பார்ப்பதற்காக வண்டி மேடையில் நின்றது. எண் ஆட்டம் குறைந்து நிலைக்கப் பார்த்தது.

தம்பி அவள் விரல்மேல் தன் விரலை வைத்து அமுக்கினான்.

போர்டில் பூஜ்யம் விழுந்தது.

அவ்வளவு பெரிய வண்டி ஏறி நிற்க, பூஜ்யம். நிமிர்ந்த தலைகள் நிமிர்ந்தபடியே கொஞ்ச நேரம் நின்றன. பிறகு ஒவ்வொன்றாகக் குனிந்தன. பஞ்சர் கடைக்காரர் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். வண்டி ரோட்டில் இறங்கித் திரும்பியது. அதன் பின்னால் மனைவி நடந்தாள். அவளுக்குப் பின்னால் மில்லுக்காரம்மா, சித்தப்பா, லாரிக்காரர்கள் எல்லோரும் நடந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பஞ்சர் கடைக்காரர் மட்டும் நடக்கவில்லை. கடைக்குப் போய்த் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு வந்து ரோட்டோரம் நிறுத்தினார். "உங்க சித்தப்பா சொன்னாரு. வாங்க, நான் கொண்டுபோய் விடறேன்," என்று கூப்பிட்டார்.

தம்பி அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டான். மகள் எழுந்திருக்க நாற்காலியின் கைப்பிடியை ஊன்றினாள். அவன் அவள் முழங்கையைத் தாங்கினான். அப்போதுதான் இருவரும் கருவியைப் பார்த்தார்கள்.

மேடை காலியாக இருந்தது. கருவியில் கோடு விழுந்து நின்றது. மைனஸ் இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது.

மகளின் உதடு அசைந்தது. இந்த வீட்டில் வளர்ந்த பெண், கழிக்காமல் இருக்க முடியாது. இரண்டாயிரத்து நூற்று அறுபது போக.

"எம்பது," என்றாள். "அப்பா, எறங்கியிருக்காங்க."

அவன் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு விசையை அணைத்தான். பிறகு அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். இருவரும் மேடையில் ஏறினார்கள். காலடியில் இரும்புத் தகடு லேசாகக் கீழிறங்கி நின்றது. பாதி தூரம் போனதும், பழக்கத்தில், மகள் தலையை நிமிர்த்திப் போர்டைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எரியவில்லை. அவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள்.